ஷாங்காயா, ஷென்செனா, பெய்ஜிங்கா? சீனாவுக்கு ஐ.வி. (தொழில் நிறுவனங்களைப் பார்க்கப் போகும் படிப்புப் பயணம்) போகும் மாணவர் குழுவுக்கு

"சார், சீனாவுக்கு ஐ.வி. போகலாம்னு இருக்கோம். முப்பது பேர், எட்டு ராத்திரி. ஏஜென்ட் பெய்ஜிங்–ஷாங்காய்னு சொல்றார், சீனியர்ஸ் ஷென்சென்னு சொல்றாங்க. குரூப்ல ஓட்டு எடுத்தா பாதிக்குப் பாதி வருது. பதினெட்டுப் பேர் குடும்ப வியாபாரத்துக்குத் திரும்பப் போறவங்க, நாலு பேருக்கு மட்டும் பெய்ஜிங் பார்த்தே ஆகணும். எந்த ஊருக்குப் போறது?"

எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது, ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தை அப்படியே வாங்கிக்கொண்டேன். ஒன்பது நாள், நான்கு நகரம், ஆறு நிறுவனம். திரும்பி வந்து அறிக்கை எழுதச் சொன்னால், ஆறு நிறுவனத்தைப் பற்றியும் எல்லாரும் எழுதியிருந்தது ஒன்றுதான்: பெரிய திரையில் ஒரு படம், நிறுவனம் வளர்ந்த கதை, கண்ணாடிக்குள் பொருள்கள், கேள்விக்குப் பத்து நிமிடம், வாசலில் குரூப் போட்டோ. சீனாவில் பெயர் பெற்ற நிறுவனங்கள் பலவற்றில் வருகிறவர்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் உண்டு. நாங்கள் ஆறு காட்சிக்கூடம் பார்த்தோம். தொழிற்சாலை ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

எதை வைத்து எடை போடுவது

அதனால் என் முதல் அளவுகோல், அந்த ஊரில் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பதுதான். நிறுவனத்தின் பெயர் எவ்வளவு பெரியது என்பது இதற்கு உதவாது. பெயர் பெரிதாகப் பெரிதாக உள்ளே விடும் தூரம் குறையும் என்பது என் அனுபவம்.

இரண்டாவது, குழுவிடம் ஒரு கேள்வி இருக்கிறதா என்பது. "சீனாவைப் பார்க்க வேண்டும்" என்பது கேள்வி இல்லை. "ஒரு பொருள் வரைபடத்திலிருந்து பெட்டிக்குள் போகும்வரை எத்தனை கை மாறுகிறது?" என்பது கேள்வி. "இந்தக் குடையை இந்த விலைக்கு எப்படி விற்க முடிகிறது?" என்பதும் கேள்விதான். கேள்வி முடிவானால் ஊர் பாதி முடிவாகிவிடும்.

மூன்றாவது, பஸ்ஸிலும் ரயிலிலும் போகும் நேரம். முப்பது பேரை ஓட்டலில் இருந்து கிளப்பவே முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறம் வழக்கமானவை: செலவு, விசா, சாப்பாடு, பருவம்.

ஷாங்காய், ஹாங்சோ, யிவு

யாங்சி ஆற்று டெல்டாவின் பெரிய வசதி, எல்லாம் பக்கத்தில் இருப்பது. அதிவேக ரயிலில் ஷாங்காயிலிருந்து சுசோ அரை மணி, ஹாங்சோ ஒரு மணி, அங்கிருந்து யிவு ஒரு மணிக்குள். ஷாங்காயில் 1990இல் பங்குச் சந்தை மறுபடி திறந்தது. அதே ஆண்டு ஹுவாங்பு ஆற்றின் மறுகரையில் புதோங்கை வளர்க்க முடிவானது. இன்று அங்கே 632 மீட்டர் உயர ஷாங்காய் டவர் நிற்கிறது. நிதி படிக்கிறவர்களுக்கு இன்னொன்று: பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கியின் தலைமையகம் இந்த ஊரில்தான். அதன் முதல் தலைவர் நம் ஊர் வங்கியாளர் கே.வி. காமத். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கும் அது கடன் தந்திருக்கிறது.

ஏஜென்ட்கள் சேர்க்காத ஓர் இடம் சுசோ தொழிற்பேட்டை. சிங்கப்பூரும் சீனாவும் சேர்ந்து 1994இல் தொடங்கியது. சிங்கப்பூர் தரப்புக்கு 65 விழுக்காடு பங்கு. ஆனால் சுசோ நகர நிர்வாகம் பக்கத்திலேயே தனக்கென ஒரு தொழிற்பேட்டையை வைத்துக்கொண்டு அதே முதலீட்டாளர்களை இழுத்தது. கூட்டாளியே போட்டியாளர் ஆன கதை. 1999இல் சிங்கப்பூர் தன் பங்கை 35 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. பிற்பாடு பேட்டை நன்றாகவே வளர்ந்தது என்பது வேறு. கூட்டு முயற்சி பற்றி வகுப்பில் ஒரு வாரம் பேசுவதை அந்தத் தெருக்களில் நின்றபடி அரை நாளில் பேசிவிடலாம்.

ஹாங்சோவை இணைய வணிக நிறுவனமான அலிபாபாவுக்காகச் சேர்ப்பார்கள். 1999இல் ஜாக் மாவும் கூட்டாளிகளுமாகப் பதினெட்டுப் பேர் ஓர் அடுக்குமாடி வீட்டில் தொடங்கிய நிறுவனம். போகலாம், தப்பில்லை. ஆனால் அதுவும் காட்சிக்கூடம்தான். அரை நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இந்தப் பாதையில் நான் மனதார ஓட்டுப் போடுவது யிவுவுக்கு. அங்குள்ள சர்வதேச வணிக நகரில் ஏறக்குறைய 75,000 கடைகள். கடைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சுற்றி முடிக்க ஒரு வருடம் தாண்டும். ஐந்து வட்டாரங்கள்: முதலாவதில் பொம்மை, செயற்கைப் பூ, இரண்டாவதில் குடை, பை, கருவிகள், மூன்றாவதில் எழுதுபொருள், ஒப்பனைப் பொருள், நான்காவதில் காலுறை, துண்டு, செருப்பு. இங்கே யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், அழைப்புக் கடிதம் வேண்டாம். கதவு அகலத் திறந்திருக்கிறது.

மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து ஆளுக்கொரு பொருள் கொடுத்துவிடுவேன். ஒரு குழுவுக்குக் குடை, ஒரு குழுவுக்குப் பேனா. பத்துக் கடையில் விலை கேட்டு வர வேண்டும். பெட்டிக்கு எத்தனை, குறைந்தது எத்தனை பெட்டி எடுக்க வேண்டும், எத்தனை நாளில் தருவார்கள், பணம் எப்போது என்று எழுதி வர வேண்டும். கடைக்காரர் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார், இவர்கள் பதிலுக்குத் தட்ட வேண்டும். ஒரே குடைக்குப் பத்துக் கடையில் ஏன் பத்து விலை என்று அன்று இரவு ஓட்டலில் நடந்த சண்டைதான் அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த வகுப்பு. துணித் தொழில் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஷாவோசிங் அருகிலுள்ள கேச்சியாவ் துணிச் சந்தைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஈரோடு, கரூர், திருப்பூர்க்காரர்களுக்கு அங்கே மொழிபெயர்ப்பாளரைவிட விரல்நுனிதான் அதிகம் உதவும்.

இந்தப் பாதையின் குறை: ஷாங்காயில் ஓட்டல் வாடகை அதிகம். துறைமுகம் பார்க்க ஆசைப்பட்டால் அரை நாள் போய்விடும். 2024இல் 5 கோடிச் சரக்குப் பெட்டிகளைத் (20 அடிப் பெட்டிக் கணக்கில்) தாண்டிய துறைமுகம்தான்; ஆனால் அதன் யாங்ஷான் பகுதி கடலுக்குள் தீவில் இருக்கிறது, 32.5 கிலோமீட்டர் பாலம் கடந்து போக வேண்டும். பாலத்தைப் பார்த்துவிட்டு, கிரேன்களைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பும் வாய்ப்பே அதிகம்.

ஷென்சென், குவாங்சோ, ஹாங்காங்

உற்பத்திதான் உங்கள் கேள்வி என்றால் யோசிக்காமல் முத்து ஆற்று டெல்டா. ஷென்சென் 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. "மீன்பிடிக் கிராமம் மாநகரமானது" என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அப்போதே மூன்று லட்சம் பேர் இருந்த வட்டாரம் அது, கதைக்காகக் குறைத்துவிட்டார்கள். இன்று ஒன்றேமுக்கால் கோடி. தொலைத்தொடர்புக்கு ஹுவாவே 1987, மின்கார்களுக்கு பி.ஒய்.டி. 1995, இணையத்துக்கு டென்சென்ட் 1998, ட்ரோன்களுக்கு டி.ஜே.ஐ. 2006 என எல்லாம் இங்கே பிறந்தவை. நகரப் பேருந்துகள் பதினாறாயிரத்துச் சொச்சமும் 2017இலேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டன. தெருவில் இரைச்சல் குறைவாக இருப்பதை மாணவர்கள் முதல் நாளே கவனிப்பார்கள்.

பாக்ஸ்கான் ஷென்செனுக்கு வந்தது 1988இல். இன்று ஸ்ரீபெரும்புதூரில் அதே நிறுவனம் ஐபோன் பூட்டுகிறது. அங்கே பெண்கள் ஷிப்ட் பஸ்ஸில் இறங்குவதைப் பார்த்த மாணவருக்கு ஷென்சென் வெறும் வெளிநாட்டு ஊர் இல்லை. வேலை எதனால் ஓர் ஊரைவிட்டு நகர்கிறது, நகரும்போது எது கூடவே வருகிறது, எது வராமல் நின்றுவிடுகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வராமல் நின்றுவிடுவது எது என்பதைப் பார்க்க ஹுவாசியாங்பெய் போக வேண்டும். மின்னணு உதிரிபாகச் சந்தை. ஒரு மேசை அகலக் கடையில் ஒருவர் கெபாசிட்டர் மட்டும் விற்பார், அடுத்தவர் கனெக்டர் மட்டும். சந்தை முழுக்க பார்சலுக்கு டேப் ஒட்டும் கிர்ர் சத்தம். ஒரு சாதனத்துக்கு வேண்டிய முக்கால்வாசிப் பாகங்களை ஒரே பகலில் கையில் வாங்கிவிடலாம். தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், இந்தத் தெருவைத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம்.

தொழிற்சாலைக்குள் போக ஆசை என்றால் பெரிய பெயர்களை விட்டுவிடுங்கள். டோங்குவானிலோ ஃபோஷானிலோ ஐம்பது, நூறு பேர் வேலை செய்யும் பிளாஸ்டிக் வார்ப்புக்கூடம், அச்சுக்கூடம், டைல்ஸ் ஆலை பாருங்கள். அவர்களுக்கு உள்ளே விடத் தனிக் காட்சிக்கூடம் கிடையாது. முதலாளி தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நேரே மெஷின் பக்கம் கூட்டிப் போவார். இதற்கு ஏஜென்ட் பயன்பட மாட்டார். அந்த முதலாளியிடம் சரக்கு வாங்கும் நம் ஊர் இறக்குமதியாளர் ஒருவர் போதும். "இவங்க எனக்கு வேண்டிய பிள்ளைங்க" என்று அவர் வீசாட்டில் (சீனர்களின் வாட்ஸ்அப் என்று வையுங்கள்) ஒரு வரி போட்டால் கதவு திறக்கும். உங்கள் முன்னாள் மாணவர் பட்டியலில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார், தேடுங்கள்.

இந்தப் பாதையின் பெரிய பொறி ஹாங்காங். குவாங்சோவிலிருந்தும் ஷென்செனிலிருந்தும் அதிவேக ரயில் நேரே போகிறது. ஷென்செனின் ஃபுத்தியன் நிலையத்திலிருந்து கால் மணி நேரம்தான். "ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்" என்று தோன்றும். ஆனால் ஹாங்காங்குக்குள் கால் வைத்தால் சீனப் பெருநிலத்தைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர் திரும்ப ஷென்செனுக்குள் வர முடியாது. எங்கள் குழுவில் இதைப் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மாணவிதான் கண்டுபிடித்தார். அவசரமாகத் திட்டத்தைத் திருப்பிப்போட்டு, ஹாங்காங்கை முதலில் வைத்து, பிறகு ஷென்சென் நுழைந்து, குவாங்சோவிலிருந்து விமானம் ஏறினோம். ஹாங்காங்குக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஆளாளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கிடைத்தால் 14 நாள்வரை தங்கலாம். முப்பதில் இருவருக்குக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள்.

குவாங்சோ என்றதும் கேன்டன் கண்காட்சி ஞாபகம் வரும். 1957 முதல் நடப்பது. ஏப்ரல் 15இலும் அக்டோபர் 15இலும் தொடங்கி மூன்று கட்டமாக நடக்கும். மின்னணுவும் இயந்திரங்களும் முதல் கட்டம், வீட்டுப் பொருள்கள் இரண்டாவது, துணியும் பொம்மையும் மூன்றாவது. அது சரக்கு வாங்க வருகிறவர்களுக்கான கண்காட்சி. மாணவர்களுக்கு நுழைவு அட்டை கிடைப்பது உறுதியாகாமல் அந்தத் தேதியில் டிக்கெட் போடாதீர்கள். அந்த நாள்களில் ஓட்டல் வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். கண்காட்சிக்குள் போக முடியாமல், கண்காட்சி வாடகையை மட்டும் கொடுத்துவிட்டு வந்த குழு ஒன்றை எனக்குத் தெரியும்.

பெய்ஜிங்

பெய்ஜிங்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் அங்கே போக ஆசைப்படுவது சீனப் பெருஞ்சுவருக்காகத்தான். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை ஐ.வி. கணக்கில் எழுத வேண்டாம்.

அரசும் வணிகமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் பெய்ஜிங்குக்கு ஈடில்லை. அரசு நிறுவனங்களின் தலைமையகங்கள், சிங்ஹுவா, பெய்ஜிங் பல்கலைக்கழகங்கள், அவற்றை ஒட்டி வளர்ந்த ஜோங்குவான்சுன் தொழில்நுட்ப வட்டாரம். கணினி நிறுவனமான லெனோவோ 1984இல் தொடங்கியதும் இந்த ஊரில்தான். ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியின் தலைமையகமும் இங்கே. அதன் பங்குதாரர்களில் சீனாவுக்கு அடுத்தது இந்தியா. உங்கள் கல்லூரிக்கு அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் இருந்தால் பெய்ஜிங் முதலிடத்துக்கு வந்துவிடும். பேராசிரியர் ஒருவர் இரண்டு நாள் வகுப்பெடுத்து, தன் பழைய மாணவர்களின் நிறுவனங்களுக்குக் கூட்டிப் போவார். அந்தக் கை இல்லையென்றால் பெய்ஜிங் சுற்றுலாவாகத்தான் முடியும்.

ஊர் மிகப் பெரியது, ஒரு நாளில் இரண்டு சந்திப்புக்கு மேல் வைக்க முடியாது. பேரரசர்களின் பழைய அரண்மனைக்குக் கடவுச்சீட்டு எண்ணோடு முன்பதிவு வேண்டும், திங்கள்கிழமை விடுமுறை. மார்ச் தொடக்கத்தில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும். பாதுகாப்புக் கெடுபிடி, அதிகாரிகள் யாரும் நேரம் தர மாட்டார்கள். டிசம்பர், ஜனவரி குளிருக்கு நம் பிள்ளைகள் கொண்டுவரும் ஸ்வெட்டர் போதாது.

எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்

ஏஜென்ட் முதலில் நீட்டும் திட்டம் இதுதான்: பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ மூன்றும். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர், அதிவேக ரயிலிலும் நாலரை மணி நேரம். அறை காலி செய்வது, நிலையம் போவது, மறுபடி அறை எடுப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு நகர மாற்றம் ஒரு நாளைத் தின்றுவிடும். எட்டு ராத்திரிக்கு இது வேண்டவே வேண்டாம். பதினான்கு நாள் இருந்தால் பேசலாம்.

ஒரே பார்வையில்

| | ஷாங்காய்–யிவு | ஷென்சென்–குவாங்சோ | பெய்ஜிங் |
|---|---|---|---|
| எந்தக் கேள்விக்கு | வணிகம், நிதி, மொத்த விலை | உற்பத்தி, மின்னணு, வேலை நகர்வது | அரசும் வணிகமும், கொள்கை |
| கதவு திறக்க யார் வேண்டும் | யிவுவுக்கு யாரும் வேண்டாம் | இறக்குமதியாளர் ஒருவர் | பல்கலைக்கழகம் ஒன்று |
| பயண நேரம் | குறைவு, ரயிலில் | குறைவு, பஸ்ஸில் | ஊருக்குள்ளேயே அதிகம் |
| மறைந்த செலவு | ஷாங்காய் அறை வாடகை | ஹாங்காங் விசா, கண்காட்சி வாடகை | சுற்றுலாவில் கரையும் நாள்கள் |
| தவிர்க்க வேண்டிய காலம் | ஜூன் நடு முதல் ஜூலை முதல்வரை அடைமழை | ஜூலை–செப்டம்பர் புயல் | மார்ச் தொடக்கம், கடுங்குளிர் |

விலைப்பட்டியலில் வராத செலவுகள்

முதலாவது மொழிபெயர்ப்பாளர். சுற்றுலா வழிகாட்டி வேறு, தொழில் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேறு. "வார்ப்பு அச்சின் ஆயுள் எத்தனை ஷாட்?" (ஒருமுறை வார்ப்பது ஒரு ஷாட்) என்று மாணவர் கேட்டதை வழிகாட்டி "இந்த மெஷின் எவ்வளவு பழசு?" என்று மாற்றிக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். வேறெதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

பணம் கொடுப்பது முழுக்கக் கைபேசிச் செயலிகளில்தான்: அலிபே, வீசாட் பே. நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை, தாண்டினால் 3 விழுக்காடு. 2,000 யுவான் சாப்பாட்டு பில்லை ஆசிரியர் ஒருவரே கட்டினால் 60 யுவான் போச்சு. ஆளாளுக்குக் கட்டினால் ஒன்றுமில்லை. வீசாட் கணக்கை ஊரிலேயே திறந்துவிடுங்கள். புதுக் கணக்குக்குச் சில சமயம் பழைய பயனர் ஒருவர் உறுதி சொல்ல வேண்டியிருக்கும். வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் மேப் ஓட்டல் வைஃபையில் வேலை செய்யாது. நம் ஊர் சிம்மின் ரோமிங் போட்டால் பொதுவாக வேலை செய்யும். அந்தச் செலவை ஆளுக்கு ஒன்றாகக் கணக்கில் சேருங்கள்.

உள்நாட்டு விமானத்தில் ஏறுவதாக இருந்தால் பவர் பேங்க். சீனாவின் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்குகளை 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் எடுத்துப் போக முடியாது. இங்கே வாங்கியவற்றில் அந்த முத்திரை இருப்பது அபூர்வம். முப்பது பவர் பேங்கையும் சோதனை மேடையில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

அப்புறம் நம் பெயர்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் கடவுச்சீட்டு நம்மிடம் நிறைய. விசா படிவம், விமானம், ரயில் மூன்றிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். ரயில் நிலையத்தில் உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தட்டிவிட்டுப் போவார்கள். நாம் பல இடங்களில் ஆள் நிற்கும் வாயிலில் கடவுச்சீட்டைக் காட்டி ஒவ்வொருவராகப் போக வேண்டும். முப்பது பேருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால்தான் நிம்மதி.

சைவக்காரர்களுக்கு மூன்று ஊரிலும் சிரமம்தான். கீரைப் பொரியலிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், நூடுல்ஸ் சாறு பெரும்பாலும் எலும்புச் சாறு. யிவுவிலும் குவாங்சோவிலும் இந்திய வியாபாரிகள் நடமாட்டத்தால் இந்திய உணவகங்கள் உண்டு. ஷாங்காயில் 1922 முதல் நடக்கும் கோங்தெலின் என்ற பௌத்த சைவ உணவகத்துக்கு ஒரு வேளை போகலாம். ஹலால் வேண்டுவோருக்கு லான்ஜோ நூடுல்ஸ் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

எப்போது கிளம்புவது

சீனப் புத்தாண்டை ஒட்டி ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். 2027இல் அது பிப்ரவரி 6. அக்டோபர் முதல் வாரமும் மே முதல் நாள்களும் தேசிய விடுமுறை, ரயிலில் இடம் கிடைக்காது. ஷாங்காய்–யிவுவுக்கு நவம்பர், ஷென்சென் பக்கம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் என்பது என் தேர்வு. சென்னையில் சீனத் தூதரகக் கிளை இல்லை, டெல்லி, மும்பை, கொல்கத்தாதான். விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். விண்ணப்பத்தில் நிறுவனங்களைப் பார்க்கப் போவதாகவே எழுதுங்கள், சுற்றுலா என்று பூசி மெழுக வேண்டாம். அழைக்கும் தரப்பின் கடிதத்தை இணையுங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் 30 நாள்வரை விசாவே தேவையில்லை. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோ நேரடி விமானம் மறுபடி தொடங்கியது. சென்னையிலிருந்து கிளம்புவோருக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங் வழியும் உண்டு.

கேட்ட அந்த முப்பது பேருக்கு: உங்களில் பதினெட்டுப் பேர் குடும்ப வியாபாரத்துக்குத் திரும்பப் போகிறவர்கள் என்று சொன்னீர்கள். யிவுவில் மூன்று ராத்திரி, கேச்சியாவில் ஒரு நாள், சுசோவில் அரை நாள், மிச்சம் ஷாங்காய். ஏஜென்ட் முகம் சுளிப்பார், யிவுவில் அவருக்குப் பெரிய கமிஷன் இல்லை. பெய்ஜிங் கேட்ட நான்கு பேர் ஷாங்காயிலிருந்து தாங்களாக ரயில் ஏறி, கடைசியில் இரண்டு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வரட்டும். டிக்கெட் ஆளுக்கு 600 யுவான் அக்கம்பக்கம். ஆனால் விசாவில் அந்த இரண்டு நாளையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.